ஊர் கூடி இழுத்த தேர் – 9: அந்த ஒரு கையெழுத்து

சென்ற வாரத்தை ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். 2018-ல் மோங்கோடிபி லைசென்ஸை மாற்றியது. 2021-ல் எலாஸ்டிக் மாற்றியது. இருவரும் கைகாட்டியது ஒரே திசையில்தான். ‘நாங்கள் ராப்பகலாக எழுதிய கோடை எடுத்து, பெரிய கிளவுட் கம்பெனிகள் கடை போட்டு விற்கின்றன. எங்களுக்குக் காலணா இல்லை.’ கேட்டவர்களில் பாதிப் பேர் கோபப்பட்டாலும் மீதிப் பேர் பரிதாபப்பட்டார்கள். எதிரே நிற்பது அமேசான் என்றால் யாருக்குத்தான் பரிதாபம் வராது?

சரி, எதிரே நிற்பது நாலைந்து சின்னக் கம்பெனிகள் என்றால்?

இதற்கான விடை 2023 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை அன்று வெளிவந்தது. அந்த நாளுக்குப் போவதற்கு முன் இரண்டு மாணவர்களைச் சந்தித்துவிடுவோம்.

*

மிட்செல் ஹஷிமோட்டோ, ஆர்மன் டட்கர். இருவரும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். படிக்கும்போதே மிட்செலுக்குக் கை சும்மா இருக்காது. 2010-ல் அவர் எழுதி வெளியிட்ட வேக்ரன்ட் என்ற கருவியை உலகம் முழுக்க புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அந்தத் தெம்பில் 2012-ல் இருவரும் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மிட்செலின் குடும்பப் பெயரில் பாதியை எடுத்து வைத்த பெயர்: ஹாஷிகார்ப்.

2014 ஜூலையில் அவர்கள் வெளியிட்டதுதான் டெர்ராஃபார்ம்.

அதன் வேலையைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய நிலைமையைப் பார்க்க வேண்டும். கிளவுடில் ஒரு சர்வர் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியின் திரைக்குள் போய் ஒவ்வொரு பட்டனாக அழுத்த வேண்டும். சர்வருக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று. இருநூறு சர்வர் என்றால்? அழுத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டால், எதை எப்படி அமைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

டெர்ராஃபார்ம் வந்தபின் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். இன்ன அளவில் இத்தனை சர்வர், இன்ன நெட்வொர்க், இன்ன டேட்டாபேஸ். ‘பிளான்’ என்று சொன்னால் என்னென்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும். ‘அப்ளை’ என்று சொன்னால் கட்டி முடித்துவிடும். எதையெல்லாம் கட்டினோம் என்பதை ‘ஸ்டேட்’ என்ற இன்னொரு ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். இந்த ஸ்டேட் ஃபைலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இந்த அத்தியாயத்தின் கடைசியில் வில்லங்கம் இதன் வழியாகத்தான் வரப்போகிறது.

அமேசானோடு பேச ஒரு துணை புரோகிராம், கூகுளோடு பேச ஒன்று, மைக்ரோசாஃப்டின் அஷூரோடு பேச ஒன்று. ‘புரொவைடர்’ என்று பெயர். உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளவுடுக்கும், அதன் ஒவ்வொரு சேவைக்கும் கோடு எழுத எந்தத் தனிக் கம்பெனியாலும் முடியாது. தேவைப்பட்டவர்கள் தேவைப்பட்டதை எழுதிக் கொடுத்தார்கள். புரொவைடர்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. டெர்ராஃபார்மின் மையப் பகுதியைப் பெருமளவு எழுதியவர்கள் ஹாஷிகார்ப் ஊழியர்கள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மையத்துக்குள்ளேயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளியாட்களின் கோடு இருந்தது. சம்பளம் இல்லை, பங்கு இல்லை. இந்தக் கோடு எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான் கூலி.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக ஒரு லைசென்ஸ் இருந்தது. எம்பிஎல் 2.0. ஃபயர்ஃபாக்ஸைத் தந்த மொஸில்லாவின் லைசென்ஸ். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, எம்பிஎல்லில் இருக்கும் ஒரு ஃபைலை மாற்றி வெளியிட்டால் அந்த ஃபைலை அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும்.

நன்றாகக் கவனியுங்கள். ஒரு வெளியாள் எழுதிக் கொடுத்த கோடு எம்பிஎல்லில் வந்து சேர்ந்தால், அதை வேறு லைசென்ஸுக்கு மாற்ற ஹாஷிகார்ப்பாலும் முடியாது. எழுதியவர் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்துக் கேட்பது நடக்கிற காரியமா?

கேட்கத் தேவையே இருக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

*

அந்தக் காகிதத்தின் பெயர் சிஎல்ஏ. பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். ஹாஷிகார்ப்பின் ரிப்போவுக்குள் ஒரு வரி கோடு அனுப்புவதென்றாலும் முதலில் இதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ‘நான் எழுதியது என்னுடையதுதான். ஆனால் அதைத் தன் விருப்பப்படி வேறு லைசென்ஸில் வெளியிடும் உரிமையையும் கம்பெனிக்குத் தருகிறேன்’ என்பதுதான் அதன் சாரம்.

பெரும்பாலானவர்கள் படித்திருக்க மாட்டார்கள். படித்தவர்களுக்கும் பயம் வந்திருக்காது. ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தின் பக்கத்திலேயே ஹாஷிகார்ப் ஒரு விளக்கம் தந்திருந்தது. எங்கள் வணிகம் சாராத மென்பொருளுக்கு உண்மையான ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் தருவதில் உறுதியாக இருக்கிறோம், அதை எடுத்துத் தனியாகப் பிரித்துக்கொண்டு போகும் உரிமை உட்பட எல்லாம் பயனாளிகளுக்கு உண்டு என்ற பொருளில்.

உறுதிமொழி விளக்கத்தில் இருந்தது. அதிகாரம் ஒப்பந்தத்தில் இருந்தது. ஒரு நாள் இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும்?

அந்த நாளை நெருக்கிக் கொண்டுவந்தது பங்குச் சந்தை.

*

2021 டிசம்பரில் ஹாஷிகார்ப் நாஸ்டாக்கில் இறங்கியது. ஒரு பங்கின் விலை 80 டாலர். கம்பெனியின் மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர். ஓப்பன் சோர்ஸ் வழியில் வளர்ந்த கம்பெனிகளில் அது ராஜயோகம்.

யோகம் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே வட்டி விகிதங்கள் ஏறின, தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஹாஷிகார்ப்பின் வருமானம் சுமார் 47.6 கோடி டாலர். ஆனாலும் கணக்கு நஷ்டத்தில்தான் முடிந்தது. அந்த ஜூன் மாதம் ஊழியர்களில் சுமார் 8 சதவீதம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பங்கு விலை 80-ல் பாதிக்கும் கீழே கிடந்தது.

இன்னொரு பக்கம், டெர்ராஃபார்மைச் சுற்றிச் சில கம்பெனிகள் முளைத்திருந்தன. ஸ்பேஸ்லிஃப்ட், என்வ் ஜீரோ, ஸ்கேலர். ஒரு அலுவலகத்தில் ஐம்பது பேர் டெர்ராஃபார்மைப் பயன்படுத்தினால் யார் எதை மாற்றலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தருவது இவர்கள் தொழில். ஹாஷிகார்ப்பும் டெர்ராஃபார்ம் கிளவுட் என்ற பெயரில் அதையேதான் விற்றது.

ஆக, போட்டி. அமேசானோடு அல்ல, தன் நிழலில் வளர்ந்த சின்னவர்களோடு.

*

ஆகஸ்ட் 10 அன்று ஆர்மன் டட்கரின் பெயரில் அறிவிப்பு வந்தது. டெர்ராஃபார்ம், வால்ட், கான்சல், நோமட், பேக்கர், வேக்ரன்ட் உட்பட ஹாஷிகார்ப்பின் முக்கியத் தயாரிப்புகளின் வருங்கால வெர்ஷன்கள் எம்பிஎல்லில் வராது. பிஎஸ்எல் 1.1-ல் வரும். பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்.

அவர்கள் தரப்பு வாதத்தையும் கேட்டுவிடுவோம். ஆராய்ச்சிக்கும் ஊழியர்களுக்கும் செலவு செய்வது நாங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்து விற்றுவிட்டு, திரும்ப எதுவும் கொடுக்காதவர்கள் மற்றவர்கள். இப்படியே போனால் இந்தத் தொழில் நிற்காது. சாதாரணப் பயனாளிகளுக்கு எதுவும் மாறாது, எங்களோடு போட்டி போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தடை. புரொவைடர்களை இணைக்கும் ஏபிஐ, எஸ்டிகே எல்லாம் எம்பிஎல்லிலேயே இருக்கும். நியாயமே இல்லாத வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பிஎஸ்எல் ஹாஷிகார்ப்பின் கண்டுபிடிப்பும் அல்ல. மைஎஸ்க்யூஎல்லைத் தந்த மைக்கேல் விடேனியஸ் நிறுவிய மரியாடிபியிலிருந்து பிறந்தது. கோடை எல்லோரும் பார்க்கலாம், மாற்றலாம், சோதித்துப் பார்க்கலாம். ஆனால் உற்பத்தியில் பயன்படுத்துவதற்குக் கம்பெனி விதிக்கும் எல்லை உண்டு. அதிகபட்சம் நான்கு ஆண்டு கழிந்ததும் அந்த வெர்ஷன் தானாகவே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடும். 2017-ல் இதன் 1.1 வடிவத்தைச் சீர்திருத்த உதவியவர் யார் தெரியுமா? புரூஸ் பெரன்ஸ். ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று 1998-ல் வரையறை எழுதிய அதே பெரன்ஸ்!

அவரே கைவைத்ததால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. அவருடைய வரையறையின் ஐந்தாவது விதி, எந்த மனிதருக்கும் குழுவுக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஆறாவது விதி, எந்தத் தொழிலுக்கும் பாரபட்சம் கூடாது என்கிறது. ‘என்னோடு போட்டி போடுகிற தொழிலுக்கு மட்டும் கூடாது’ என்று ஒரு லைசென்ஸ் சொல்லும்போதே அது அந்த வாசலைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. கோடு கண்ணுக்குத் தெரியும், சுதந்திரம் கைக்குக் கிடைக்காது. சோர்ஸ் அவைலபிள் என்று தொழில்துறை சொல்வது இந்த வகையைத்தான்.

புயலைக் கிளப்பியது ‘போட்டி’ என்ற அந்தச் சொல். யார் போட்டியாளர்? முடிவு செய்வது யார்? இன்றைக்கு நான் விற்கும் பொருளுக்கும் ஹாஷிகார்ப்புக்கும் சம்பந்தமில்லை, நாளை அவர்கள் அதே பொருளைக் கொண்டுவந்தால் என் கதி? சந்தேகம் இருந்தால் எங்களைக் கேளுங்கள் என்றது ஹாஷிகார்ப். ஓப்பன் சோர்ஸில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்காகத்தானே இத்தனை ஆண்டு இத்தனை பேர் உழைத்தார்கள்!

*

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓப்பன்டிஎஃப் என்ற பெயரில் ஒரு பகிரங்க அறிக்கை வெளியானது. ஸ்பேஸ்லிஃப்ட், என்வ் ஜீரோ, ஸ்கேலர், ஹார்னஸ், க்ரன்ட்வொர்க் முதலிய கம்பெனிகள் கையொப்பமிட்டிருந்தன. க்ரன்ட்வொர்க்கின் இணை நிறுவனர் யெவ்கேனி பிரிக்மன், டெர்ராஃபார்ம் கற்றுக்கொள்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தை எழுதியவர். டெர்ராஃபார்மை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவரே எதிர்த்தரப்பில் நின்றார்.

அறிக்கையின் கோரிக்கை எளியது. பழைய லைசென்ஸுக்குத் திரும்புங்கள். மறுத்தால் கோடைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஒரு அறக்கட்டளையின் கீழ் வைப்போம்.

ஹாஷிகார்ப் அசையவில்லை.

ஆகஸ்ட் 25 அன்று ‘பிரிக்கிறோம்’ என்று அறிவித்தார்கள். எம்பிஎல்லில் இருந்த கடைசி நிலையிலிருந்து எடுத்தார்கள். ஒரு கம்பெனி வருங்காலத்தின் லைசென்ஸை மாற்றலாம், ஏற்கெனவே கொடுத்துவிட்ட சுதந்திரத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது. அன்றைய தேதிவரைக்குமான டெர்ராஃபார்ம் உலகத்துக்குச் சொந்தம்.

செப்டம்பர் 5 அன்று ரிப்போ திறக்கப்பட்டது. உடனே இரண்டு முட்டுக்கட்டைகள்.

முதலாவது, பெயர். ஓப்பன்டிஎஃப் என்பதில் உள்ள ‘டிஎஃப்’ டெர்ராஃபார்மின் சுருக்கம். டிரேட்மார்க் வழக்கு வந்தால் தாங்காது.

இரண்டாவது, அதைவிடப் பெரியது. புரொவைடர்களை டவுன்லோடு செய்யும் ரிஜிஸ்ட்ரி ஹாஷிகார்ப்பின் கையில் இருந்தது. அதன் விதிமுறைகளில் அந்த நாட்களில் ஒரு திருத்தம் நுழைந்தது. இங்கிருந்து எடுப்பதை ஹாஷிகார்ப்பின் டெர்ராஃபார்மோடு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். புரொவைடர்களின் கோடு ஓப்பன் சோர்ஸ்தான். அதை எடுக்கும் கதவு மட்டும் பூட்டப்பட்டது!

*

செப்டம்பர் 20. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஓப்பன் சோர்ஸ் மாநாடு. லினக்ஸ் ஃபவுண்டேஷன் மேடையேறி அறிவித்தது. பிரிந்து வந்த பிள்ளையை நாங்கள் தத்தெடுக்கிறோம். பெயர், ஓப்பன்டோஃபு. லைசென்ஸ் அதே எம்பிஎல் 2.0. வழிநடத்தும் குழுவில் ஒரே கம்பெனியின் ஆட்கள் குவியாமல் ஐந்து கம்பெனிகளின் பிரதிநிதிகள்.

ரிஜிஸ்ட்ரிக்கு அவர்கள் கண்ட வழி சுவாரசியமானது. எந்தப் புரொவைடர் எங்கே இருக்கிறது என்ற விவரங்களை மட்டும் சாதாரண ஃபைல்களாகக் கிட்ஹப்பில் வைத்துவிட்டார்கள். உண்மையான புரொவைடர் அதை எழுதியவரின் கிட்ஹப் பக்கத்திலிருந்தே இறங்கும். புதிதாகச் சேர்க்க வேண்டுமா? யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம். பூட்டுவதற்கு அங்கே கதவே இல்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. வெளியில் அதிகம் பேசப்படவில்லை என்றாலும் என் பார்வையில் அதுதான் முக்கியம். ஓப்பன்டோஃபுவில் சிஎல்ஏ கிடையாது. டிசிஓ மட்டும்தான். 2004-ல், லினக்ஸைக் குறிவைத்து எஸ்சிஓ என்ற கம்பெனி வழக்குத் தொடுத்து மிரட்டிய காலத்தில், லினக்ஸ் கெர்னல்காரர்கள் கொண்டுவந்த சிறிய உறுதிமொழி அது. ‘இதை நான்தான் எழுதினேன், அல்லது கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. இந்த லைசென்ஸில் கொடுக்கிறேன்.’ அவ்வளவுதான். லைசென்ஸை மாற்றும் அதிகாரத்தை அது யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. எம்பிஎல்லில் ஆயிரம் பேர் கொடுத்த கோடை மாற்ற வேண்டுமென்றால் ஆயிரம் பேரையும் கேட்டாக வேண்டும். எந்த நிர்வாகம் வந்தாலும், எத்தனை நஷ்டம் வந்தாலும்.

ஒரு புராஜெக்ட் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிய லைசென்ஸ் ஃபைலை மட்டும் பார்த்தால் போதாது. அதை மாற்றும் பேனா யார் பையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹாஷிகார்ப் சட்டத்தை மீறவில்லை, ஒரு விதியையும் உடைக்கவில்லை. பங்களிப்பாளர்களே எடுத்துக் கொடுத்த பேனாவால் எழுதியது. ராத்திரி கண்விழித்து யாரோ ஒருவரின் புராஜெக்டுக்குக் கோடு எழுதும் தம்பிகளும் தங்கைகளும் இந்தத் தொடரிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோடு அனுப்பும் முன் அந்தக் காகிதத்தைப் படியுங்கள்.

*

2023 டிசம்பர். யாரும் எதிர்பாராத செய்தி. மிட்செல் ஹஷிமோட்டோ ஹாஷிகார்ப்பை விட்டு விலகுவதாக அறிவித்தார். தலைமைப் பொறுப்பை 2016-லேயே டேவ் மெக்ஜானட்டிடம் கொடுத்துவிட்டு, பின்னர் சாதாரண எஞ்ஜினியராகவே வேலை பார்த்து வந்தவர் அவர். கம்பெனியின் பெயரில் அவர் இருந்தார், கம்பெனியில் இல்லை.

2024 ஜனவரி 10-ல் ஓப்பன்டோஃபு 1.6 வெளியானது. டெர்ராஃபார்மை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தால் வேலை நிற்காமல் ஓடியது. ‘பிரித்து எடுப்பது சுலபம், நடத்துவது கஷ்டம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

ஒரே வாரத்தில், ஜனவரி 17 அன்று, டெர்ராஃபார்ம் 1.7 வந்தது. அதில் ‘ரிமூவ்டு’ என்றொரு புதிய வசதி. இப்போது அந்த ஸ்டேட் ஃபைலை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஃபைலிலிருந்து ஒரு சர்வரைப் பற்றிய வரிகளை அழித்தால், அந்தச் சர்வரையே டெர்ராஃபார்ம் அழித்துவிடும். ‘சர்வர் இருக்கட்டும், அதை என் கணக்கிலிருந்து மட்டும் நீக்கு’ என்று ஃபைலிலேயே எழுதி வைக்க வழி செய்தது இந்த வசதி. எல்லோருக்கும் தேவையான ஒன்று. ஓப்பன்டோஃபு 1.7-க்கும் அதே வசதியை அவர்களுடைய ஆட்கள் எழுதினார்கள்.

இங்கேதான் சோர்ஸ் அவைலபிளின் பொறி இருக்கிறது. முழுக்க மூடிய மென்பொருள் என்றால் ‘உன் கோடை நான் பார்த்ததே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பிஎஸ்எல்லில் வந்த டெர்ராஃபார்ம் 1.7-ன் கோடு கிட்ஹப்பில் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. பார்க்கலாம், பிரதி எடுத்துப் போட்டி போடக் கூடாது. அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள் என்று ஓப்பன்டோஃபு தன் பங்களிப்பாளர்களை எச்சரித்துத்தான் வைத்திருந்தது. ஆனால் ஒரே தாய்க் கோடிலிருந்து பிறந்த இரண்டு பிள்ளைகளின் சாயல் ஒன்றாக இருந்தால், அது ரத்த சம்பந்தமா, திருட்டா?

2024 ஏப்ரல் 3. ஓப்பன்டோஃபுவுக்கு ஹாஷிகார்ப்பின் வக்கீல்களிடமிருந்து ஒரு கடிதம். எங்கள் பிஎஸ்எல் கோடை எடுத்து, அதன் லைசென்ஸை மாற்றி, உங்களுடையதாக வெளியிட்டிருக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. சுட்டிக்காட்டப்பட்ட இடம், அந்த ‘ரிமூவ்டு’.

குற்றச்சாட்டு நிரூபணமாகியிருந்தால் ஏழு மாதம்கூட நிறைவடையாத ஓப்பன்டோஃபுவின் கதை அங்கேயே முடிந்திருக்கும். திருட்டுக் கோடை எந்தக் கம்பெனியும் தன் சர்வரில் ஏற்றாது, எந்த அறக்கட்டளையும் காப்பாற்றாது.

ஓப்பன்டோஃபு எட்டு நாள் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 11 அன்று பதிலைப் பகிரங்கமாக வெளியிட்டது. அதில் சாட்சிக்கு அழைக்கப்பட்டது மனிதர் அல்ல. 2021-ல் ஹாஷிகார்ப்பே எழுதி, எம்பிஎல்லில் உலகத்துக்குக் கொடுத்திருந்த இன்னொரு வசதியின் கோடு.

அந்தச் சாட்சி என்ன சொன்னது? அந்தச் சண்டையின் சூடு தணியும் முன், ஏப்ரல் 24 அன்று, 640 கோடி டாலரோடு வாசலில் வந்து நின்றது யார்?

அடுத்த வாரம்.

(தொடரும்)